பழைய முதுகுச் சீட்டுகள்

1971ஆம் ஆண்டில், ‘கமென் ரைடர்’ என்னும் முகமூடி வீரனின் தொலைக்காட்சித் தொடர் ஜப்பானியச் சிறுவர்களின் மனத்தை முற்றிலும் ஆட்கொண்டிருந்த காலத்தில், கால்பீ என்னும் தின்பண்ட நிறுவனம் அவ்வீரனின் பெயரால் 20 யென் விலையில் ஒரு பொட்டலத்தைக் கடைகளுக்கு அனுப்பி, பொட்டலம் ஒன்றுக்கு ஒரு படச்சீட்டை இனாமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது. சீட்டுகள் மொத்தம் 546 வகை. இடையிடையே வரும் ‘அதிர்ஷ்டச் சீட்டு’ ஒன்று கிடைத்துவிட்டால், அதை நிறுவனத்துக்கு அனுப்பிச் சீட்டுகளை அடுக்கிவைக்கும் ஆல்பத்தைப் பரிசாகப் பெறலாம். சிறுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையிலிருந்த சில்லறையையெல்லாம் கொடுத்துப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, சீட்டை மட்டும் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, தின்பண்டத்தைப் பிரிக்காமலே தெருவோரத்தில் எறிந்துவிட்டுப் போனார்கள். போர்க்காலத்துப் பசியை இன்னும் மறவாத பெற்றோர் தலைமுறைக்கு இக்காட்சி எத்தகைய வேதனையை அளித்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். நாடெங்கும் அது ஒரு பிரச்சினையாகவே பேசப்பட்டது.

உணவை எறிந்தது தவறுதான். ஆயினும் வியாபாரி பிரதானமென்று கருதிய பொருளை உதறிவிட்டு, அவன் வெறும் தூண்டிலாக வைத்த காகிதத் துண்டையே பிரதானமாகக் கொண்ட அந்தச் சிறுவர்களின் மனோபாவத்தை அறிந்துகொள்ளாமல், இன்று உலகெங்கும் வளர்ந்தவர்கள் சிரத்தையோடு தேடிச் சேர்க்கும் ஜப்பானிய விளையாட்டுச் சீட்டுகளின் கதையை அறிந்துகொள்ள முடியாது. சீட்டு பரிமாறிக்கொள்வதற்கு உரியது. நண்பனிடம் இரண்டு இருக்கும், என்னிடம் ஒன்றும் இராது. என்னிடம் இருப்பது அவனுக்கு வேண்டியிருக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள்தான் அதன் ஜீவன் இருக்கிறது.

சீட்டென்னும் பொருளே ஜப்பானுக்குக் கடல் கடந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய மாலுமிகள் தங்கள் மரக்கலங்களில் கொணர்ந்த ஆட்டச் சீட்டு, ‘கார்த்தா’ என்னும் அவர்கள் சொல்லோடு கரையிறங்கி, ஜப்பானியர் நாவில் ‘கரூத்தா’ ஆயிற்று. நம்மிடையே வழங்கும் ‘கடுதாசி’ என்ற சொல்லும் அதே மாலுமிகளின் மொழியிலிருந்து வந்ததென்று அகராதியார் கூறுவதால், இவ்விரு சொற்களையும் ஒரே கப்பலில் வந்த உறவினர் என்று கருதலாம். அதற்கு முன்னரே ஜப்பானிய அரசவைப் பெண்டிர், சிப்பியின் இரு ஓடுகளிலும் சித்திரம் தீட்டி இணை சேர்க்கும் ‘கய்-அவாஸே’ என்ற விளையாட்டை ஆடிவந்தார்கள். வந்த சீட்டும் இருந்த சிப்பியும் காலப்போக்கில் கலந்து, நூறு புலவர்களின் நூறு கவிதைகளை இணைத்துப் பார்க்கும் கவிதைச் சீட்டாகவும், பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் நான்காக 48 மலர்ச் சித்திரங்கள் கொண்ட ‘ஹனாஃபூதா’வாகவும் பரிணமித்தன. 1889இல் கியோத்தோ நகரில் ஃபுஸாஜிரோ யமாவுச்சி என்பவர் இந்த மலர்ச் சீட்டுகளைக் கையால் செய்து விற்கத் தொடங்கிய கடைதான் பிற்காலத்து நின்டெண்டோ நிறுவனம். பின்னாளில் அந்நிறுவனத்தின் விளையாட்டொன்றிலிருந்து உலகப் புகழ் பெற்ற ஒரு சீட்டு வரிசை பிறந்ததைப் பார்க்கும்போது, சுற்றி வந்த சக்கரம் புறப்பட்ட இடத்திலேயே நின்றது போன்ற ஒரு திருப்தி மனத்தில் எழுகிறது.

தெருச் சிறுவர்களுக்கு ‘மென்கோ’ இருந்தது. தடித்த அட்டையில் மல்லர், படைத்தலைவர், பந்தாட்ட வீரர் ஆகியோரின் உருவங்களை அச்சிட்ட இச்சில்லுகளைத் தரையில் வைத்து, எதிராளி தன் சில்லை ஓங்கி அடித்து, அந்தக் காற்றின் வேகத்தில் தரையிலிருப்பதைப் புரட்டிவிட்டால் அது அவனுக்குச் சொந்தம். அடிபட்டு ஓரம் நைந்து, மழையில் நனைந்து, பையில் மடங்கிக் கிடந்த மென்கோக்கள்தாம் இன்று சேகரிப்போருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை. விளையாட்டுப் பொருள் விளையாடப்பட்டதால் அழிகிறது; அழிந்ததால் எஞ்சியது அபூர்வமாகிறது. இந்த எளிய நியாயம் பின்வரும் சீட்டுகள் அனைத்துக்கும் பொருந்தும்.

1973இல் அதே கால்பீ நிறுவனம் தொழில்முறைப் பேஸ்பால் வீரர்களின் சீட்டுகளை வெளியிட்டது. முதல் எண்ணுக்குரிய பெருமை ஷிகேயோ நகாஷிமாவுக்கு வாய்த்தது. 1985இல் லோட்டே நிறுவனம் 30 யென் விலையுள்ள ‘பிக்குரிமன்’ சாக்லேட்டோடு, தேவர்களும் அசுரர்களும் பொருதும் நெடுங்கதையின் ஒட்டுச் சித்திரங்களை வைத்தது. மீண்டும் சிறுவர்கள் சித்திரத்தை எடுத்துக்கொண்டு சாக்லேட்டை எறிந்தார்கள். மினுமினுக்கும் ‘தலைவர்’ சித்திரங்களுக்காக ஏற்பட்ட வேட்கை எல்லை மீறியபோது, 1988இல் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் தலையிட்டு, அபூர்வச் சித்திரத்துக்கும் சாதாரணச் சித்திரத்துக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும்படி நெறிப்படுத்த வேண்டியதாயிற்று. அதே 1988இல் பண்டாய் நிறுவனம் தின்பண்டத்தையே விலக்கிவிட்டு, 20 யென் நாணயம் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் சீட்டு மட்டும் வழுக்கி வெளிவரும் ‘கார்டுடாஸ்’ பெட்டிகளைப் பலகாரக் கடை வாசல்களில் நிறுத்தியது. எறிவதற்கு இனி ஒன்றுமில்லை. சிறுவர்கள் பதினேழு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை வியாபாரம் அப்போதுதான் காதுகொடுத்துக் கேட்டது என்று சொல்லலாம்.

இவ்வளவும் பூர்வ பீடிகை. சேகரிப்போர் பழைய ஜப்பானியச் சீட்டு என்று சொல்லும்போது அவர்கள் நெஞ்சில் முதலில் நிற்பது 1996ஆம் ஆண்டின் அக்டோபர் 20ஆம் நாள். அவ்வாண்டு பிப்ரவரியில் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என்ற இரு வடிவங்களில் வெளிவந்த ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ விளையாட்டு, வெவ்வேறு வடிவத்தை வைத்திருப்போர் ஒருவரோடொருவர் பிராணிகளைப் பரிமாறிக்கொண்டாலன்றி முழுத் தொகுதியும் கைகூடாத வண்ணம் அமைக்கப்பட்டிருந்தது. பரிமாற்றத்தையே உயிர்நாடியாகக் கொண்ட அவ்விளையாட்டைக் காகிதத்துக்கு மாற்றும் எண்ணம், சீட்டாட்டங்களில் ஆழ்ந்த பரிச்சயமுள்ள த்ஸுனேகாஸு இஷிஹாரா என்பவருக்கு உதித்தது. 1993இல் அமெரிக்காவில் ரிச்சர்டு கார்ஃபீல்டு படைத்த ‘மேஜிக்’ என்னும் சீட்டாட்டம், ஆடவும் சேர்க்கவும் ஒருங்கே பயன்படும் புதுவகைச் சீட்டுக்கு வழிகாட்டியிருந்தது. இஷிஹாராவின் கிரியேச்சர்ஸ் நிறுவனம் வடிவமைத்ததை மீடியா ஃபேக்டரி வெளியிட்டது. முதல் தொகுதியில் 102 வகைச் சீட்டுகள். ஆங்கிலப் பதிப்பு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1999 ஜனவரியில்தான். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் முழுவதும் இந்தச் சீட்டுகள் ஜப்பானியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரிமையாயிருந்தன.

சேகரிப்பவர்கள் இந்தத் தலைமுறைச் சீட்டுகளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கியூ-உரா’. ‘கியூ’ என்றால் பழைய. ‘உரா’ என்றால் பின்புறம். அதாவது, பழைய முதுகு. சீட்டின் முகத்தில் எத்தனை சித்திரங்கள் மாறினாலும் முதுகு மாறலாகாது என்பது சீட்டாட்டத்தின் அடிப்படை விதி. முதுகு வேறுபட்டால் எதிராளி கையிலிருப்பதை ஊகித்துவிடுவானல்லவா? அப்படியிருந்தும் 2001இல் ஜப்பானியப் பதிப்பின் முதுகு மாற்றப்பட்டது. பழையதில் ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ என்ற முழுப்பெயர் பொறித்திருக்கும். புதியதில் உலகமறிந்த ‘போக்கிமான்’ என்ற சுருக்கப் பெயர் வந்து அமர்ந்தது. அன்றோடு ஒரு யுகம் முடிந்தது. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் இன்று பழைய முதுகுக்கு இடமில்லை. ஆயினும் அன்றைய சிறுவர்களாயிருந்து இன்று நடுவயதை எட்டிய சிலர், தங்களுக்குள் கூடி, பழைய சீட்டுகளாலேயே பழைய விதிப்படி ஆடி மகிழ்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் துயிலும் சீட்டைக் காட்டிலும் அந்த மேசைமேல் புரளும் சீட்டே பாக்கியம் செய்தது என்பது என் அபிப்பிராயம்.

பழைய முதுகுச் சீட்டைப் படிப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். பிற்காலத்துச் சீட்டுகளில், தொகுதிக்குள் அது எத்தனையாவது என்று காட்டும் வரிசை எண் கீழ்மூலையில் இருக்கும். முதற்காலத்து ஜப்பானியச் சீட்டுகளில் அந்த எண் கிடையாது. அங்கே காணப்படுவது விளையாட்டின் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பிராணிக்குரிய எண். லிஸார்டன் என்ற நெருப்புப் பறவைநாகம் எந்தத் தொகுதியில் வந்தாலும் அதன் எண் 6 ஆகவே இருக்கும். ஆகவே தொகுதியை அறியச் சித்திரத்தின் கீழே உள்ள சிறு இலச்சினையைப் பார்க்க வேண்டும்: 1997 மார்ச்சில் வந்த ‘ஜங்கிள்’ தொகுதிக்கு ஒரு மலர், அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘ராக்கெட் கும்பல்’ தொகுதிக்கு ‘ஆர்’ என்ற எழுத்து, முதல் தொகுதிக்கோ இலச்சினையே இல்லை. அடையாளமின்மையே அதன் அடையாளம்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. சீட்டின் வலக்கீழ் மூலையில் வட்டம் இருந்தால் சாதாரணம், சாய்சதுரம் இருந்தால் சற்று அரிது, நட்சத்திரம் இருந்தால் அரியது என்று பொருள். ஆனால் 1996 அக்டோபரில் வெளிவந்த முதல் அச்சில் இந்தக் குறிகள் எவையும் இடம்பெறவில்லை. அடுத்து வந்த அச்சுகளில்தான் சேர்க்கப்பட்டன. ‘மார்க் நஷி’, அதாவது குறியற்றவை என்று சேகரிப்போர் சொல்வது இவற்றையே. அன்று அவற்றை வாங்கிய சிறுவனுக்கு, தன் கையிலிருப்பது முதல் அச்சு என்ற பிரக்ஞையே இருந்திருக்காது. அவன் அதை உறையில்லாமல் ஆடினான், ரப்பர் வளையம் போட்டுக் கட்டினான், பள்ளிப் பையின் அடியில் போட்டான். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள நட்சத்திரம் இல்லாத காரணத்தால் அதே சித்திரத்தின் விலை பன்மடங்கு உயர்வதைக் கண்டு சிலர் நகைக்கலாம். ஆயினும், இந்த விளையாட்டு நிலைக்குமா நிலைக்காதா என்று படைத்தவர்களுக்கே தெரியாதிருந்த ஒரு மாதத்தில், குறியிட வேண்டுமென்ற யோசனைகூட எழுவதற்கு முன் அச்சகத்திலிருந்து வெளிவந்த காகிதம் அது என்பதை நினைக்கும்போது, அந்தக் காலியிடத்தின் மதிப்பு எனக்குப் புலனாகிறது. வாங்குவோர் ஒன்றை மட்டும் கருத்தில் இருத்த வேண்டும்: பத்திரிகைகளோடும் விழாக்களிலும் வழங்கப்பட்ட இனாம் சீட்டுகளிலும் இக்குறிகள் இருப்பதில்லை; ஆகவே குறியில்லாதவையெல்லாம் முதல் அச்சாகிவிடமாட்டா. அச்சிட்டுள்ள உரிமை ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. ‘டாப் ஸன்’ என்ற பெயரில் வந்த மிட்டாய்ச் சீட்டுகளில் 1995 என்று பொறித்திருந்தாலும் அவை வெளிவந்தது 1997இல்.

1998இல் வந்த தானியங்கிப் பெட்டிச் சீட்டுகளை நான் இங்கே விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். மூன்று சீட்டுகள் சேர்ந்த ஒரு மெல்லிய தாளாக அவை பெட்டியிலிருந்து வெளிவந்தன. நீலம், சிவப்பு, பச்சை என மூன்று வரிசைகள். சீட்டைத் தாளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்காத தாளுக்குத்தான் இன்று மதிப்பு அதிகம் என்றாலும், பிரித்ததன் ஓரத்தில் ஒரு சிறுவனின் அவசரமும் ஆனந்தமும் பதிந்திருக்கின்றன. இந்த வரிசைகளில் வந்த சித்திரங்களில் பல, முதல் தொகுதிகளில் இல்லாத ஒரு சுதந்திரத்தோடும் குறும்போடும் வரையப்பட்டவை. புதிதாகத் தொடங்குவோர் இவற்றிலிருந்து தொடங்கினால் நஷ்டம் குறைவு, ரசனைக்கு விருந்து அதிகம்.

சித்திரக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அநீதி. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் வரைந்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை முதன்முதலில் கவனித்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். இருபது யென் பொம்மைக் காகித உலகில் பெயரின்றி உழைத்த ஓவியர் எத்தனையோ பேர். பிராணிகளின் மூல உருவங்களை அமைத்த கென் ஸுகிமோரியின் நீர்வண்ணச் சாயலுள்ள தெளிந்த கோடுகள் ஒருபுறம். தீச்சுவாலைக்கு நடுவே வாய் திறந்து நிற்கும் முதல் தொகுதி லிஸார்டனையும், புல்வெளியில் நிற்கும் பிகாச்சு என்ற பிராணியையும் வரைந்த மித்ஸுஹிரோ அரித்தாவின் காற்றும் வெளிச்சமும் நிறைந்த காட்சிகள் ஒருபுறம். அக்காலத்துக் கணிப்பொறிச் சித்திரத்தின் பளபளப்பைக் கொண்டுவந்த கெய்ஜி கினேபுச்சியின் வேலை மற்றொருபுறம். யூகா மோரீ என்னும் கலைஞரோ களிமண்ணில் உருவம் பிடித்து, அதைப் புல்லிலும் கல்லிலும் வைத்துப் புகைப்படம் எடுத்துச் சீட்டாக்கினார். விலைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஓர் ஓவியரின் சீட்டுகளை மட்டும் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆல்பத்தைப் புரட்டும்போது ஒரு கையின் வளர்ச்சியை ஆண்டு வாரியாகக் காண முடிகிறது.

மின்னும் சீட்டுகளை ஜப்பானியர் ‘கிரா’ என்பார்கள். ஜப்பானியப் பதிப்பின் பழைய கிராக்களில் சித்திரத்தின் பின்னணி, பெரியதும் சிறியதுமான ஒளிவட்டங்களும் நட்சத்திரப் பொடியும் தூவிய ஆகாயம்போல் இருக்கும். இந்த மின்தகடு சித்திரத்தோடு பொருத்தி அமைக்கப்படுவதில்லை. நீண்ட சுருளிலிருந்து எங்கே வெட்டு விழுகிறதோ அங்கே விழும். அதனால் அத்தகட்டில் இடையிடையே வரும் சங்குச் சுழிபோன்ற வடிவம் சில சீட்டுகளில் மட்டும் சித்திரத்துக்குள் வந்து நிற்கிறது. ஒரே அச்சில் பிறந்த இரு சீட்டுகள் ஒன்றுபோல் இராததற்கு இதுவே காரணம். சுழி விழுந்த சீட்டுக்குத் தனியே ஆசைப்படுவோர் உண்டு.

எல்லைதாண்டிப் போகும்போது சீட்டுகளுக்கு நேர்ந்தவையும் சரித்திரமே. நிஞ்ஜா ஆசான் ஒருவரைச் சார்ந்த ஜப்பானியச் சீட்டொன்றில் ‘மன்ஜி’ என்னும் சின்னம் இடம்பெற்றிருந்தது. ஜப்பானில் அது பௌத்த ஆலயத்தின் அடையாளம். நாம் ஸ்வஸ்திகம் என்று வாசலில் இடும் அதே மங்கலக் குறி. ஐரோப்பாவில் அச்சின்னம் அடைந்த அவப்பெயரினால் ஆட்சேபம் எழவே, ஆங்கிலப் பதிப்பில் அது நீக்கப்பட்டு வேறு சித்திரம் வைக்கப்பட்டது. கரண்டியை மனவலிமையால் வளைப்பதாகப் புகழ்பெற்ற யூரி கெல்லர், தம் பெயரை ஒத்த பெயரும் கையில் கரண்டியும் கொண்ட ‘யுங்கெரர்’ என்ற பிராணிக்கு எதிராக 2000இல் வழக்கிட்டார். அப்பிராணி நெடுங்காலம் புதிய சீட்டுகளில் தோன்றவேயில்லை. 2020இல் அவர் மனம் மாறி இணங்கிய பின், 2023இல் அது திரும்பி வந்தது.

இனி, எல்லாரும் கேட்கும் அந்தச் சீட்டுக்கு வருவோம். ஷோகாக்குக்கான் பதிப்பகத்தின் ‘கொரோகொரோ காமிக்’ என்ற சிறுவர் பத்திரிகை 1997, 1998ஆம் ஆண்டுகளில் போக்கிமான் சீட்டுக்கான சித்திரப் போட்டிகளை நடத்தி, வென்றவர்களுக்கு ஒரு விசேஷச் சீட்டைப் பரிசாக அளித்தது. பிகாச்சுவின் உருவத்தை முதலில் அமைத்த அத்ஸுகோ நிஷிதாவே இதையும் வரைந்தார். தூரிகை பிடித்த பிகாச்சு. பயிற்சியாளர் என்று இருக்க வேண்டிய மேல்வரியில் ‘சித்திரக்காரர்’ என்று பொறித்து, மூலையில் ஒரு பேனாவை இலச்சினையாக வைத்து, உமது சித்திரம் சிறந்ததென்று தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சான்று கூறும் சீட்டு அது. போட்டிகளில் வழங்கப்பட்டவை 39. அவற்றுள் அப்பழுக்கற்றது என்று தரம் நிர்ணயிக்கப்பட்ட ஒரே பிரதி, 2021இல் 52,75,000 டாலர் மதிப்பில் கைமாறி, மறு ஆண்டில் கின்னஸ் பதிவேட்டில் ஏறியது. அத்தொகையைக் கேட்டு வியப்பவர்கள், அது எதற்காக அளிக்கப்பட்டது என்பதைக் கேட்பதில்லை. ஆடி வென்றதற்கன்று, அதிர்ஷ்டத்தில் கிடைத்ததன்று, ஒரு பையனோ பெண்ணோ வீட்டு மேசையில் அமர்ந்து வர்ணப் பென்சிலால் வரைந்த படத்துக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம். என் மனத்தில் அதன் பெருமை அங்கேதான் இருக்கிறது.

பணம் வந்தவிடத்தில் பதற்றமும் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் பழைய பெட்டிகளைத் திறந்தபோது தொடங்கிய வேகம், தரம் நிர்ணயிக்கும் நிறுவனங்களைத் திணறவைத்தது; அமெரிக்காவின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 2021 மார்ச்சில் தன் சாதாரணச் சேவைகளை நிறுத்திவைக்கும் அளவுக்குச் சீட்டுகள் குவிந்தன. ஜப்பானில் புதிய, பழைய சீட்டுகளை விற்கும் கடைகள் ஊர்தோறும் பெருகின. 2022 நிதியாண்டில் அந்நாட்டின் சீட்டு விளையாட்டுச் சந்தை 20,000 கோடி யென்னைக் கடந்தது. கடைக்காரர் சிலர் தம்மிடமுள்ள சீட்டுகளைக் கலந்து கட்டி, உள்ளே ஒன்றிரண்டு விலையுயர்ந்தவை இருப்பதாக ஆசைகாட்டி விற்கும் ‘ஓரிபா’ என்ற பொதிகளும் பரவின. இதை நான் சேகரிப்பில் சேர்க்கமாட்டேன். சேகரிப்பவன் தனக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்து தேடுபவன். என்ன கிடைக்கும் என்று அறியாமல் பணத்தை வைப்பது வேறு காரியம், அதற்கு வேறு பெயர் உண்டு.

போலிகளை இனங்காண்பது தனிக் கலை. உண்மையான சீட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், நான்கு வர்ணங்களின் நுண்புள்ளிகள் பூவிதழ்போல் ஒழுங்காகக் கூடியிருப்பதும், எழுத்துகளின் கருமை சிதறாமல் திடமாக இருப்பதும் தெரியும்; வீட்டு அச்சுப்பொறியின் வேலையில் மைத்துளிகள் ஒழுங்கின்றித் தெறித்திருக்கும். இருந்தும் வல்லவர்களே ஏமாறியது உண்டு. விளையாட்டு வெளிவருவதற்கு முன் சோதனைக்காக 1996ஐ ஒட்டிய காலத்தில் செய்யப்பட்ட மாதிரிச் சீட்டுகள் என்று சான்றிதழ் பெற்று, பெருந்தொகைக்கு விற்கப்பட்டவற்றுள் சிலவற்றை 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேகரிப்போர் ஆராய்ந்தனர். வர்ண அச்சுப்பொறிகள் பல, தாம் அச்சிடும் தாளெங்கும் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளால் அச்சிட்ட நாளைக் குறித்துவைக்கும் இயல்புடையவை. அப்புள்ளிகளை வெளிக்கொணர்ந்து படித்தபோது, அச்சீட்டுகள் 2024இல் அச்சிடப்பட்டவை என்று அவையே வாக்குமூலம் அளித்தன. சான்றிதழைக் காட்டிலும் பொறுமையுள்ள கண் மேலானது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு விஷயத்தில் முதல் விரோதி ஈரம். கிராச் சீட்டின் ஒரு பக்கம் மின்தகடு, மறுபக்கம் காகிதம். காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிகிறது, தகடு விரிவதில்லை. ஆகவே சீட்டு வில்போல் வளைகிறது. ஜூன் மாதத்தில் தொடங்கும் ஜப்பானிய மழைக்காலத்தில் இது மிகுதி. ஈரமுறிஞ்சும் பொடிப்பைகளை அளவாக வைக்க வேண்டும்; அளவு மீறினால் காகிதம் வறண்டு மறுபுறம் வளையும். வெயில் சிவப்பையும் மஞ்சளையும் முதலில் உண்டுவிடும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துச் சீட்டோடு ஒட்டும்; பாலிபுரொப்பிலீன் உறைகளே உத்தமம். வளையக் கோப்புகளில் வைத்தால் வளையத்தின் தடம் உள்ளோரச் சீட்டுகளில் பதியும்.

தோக்கியோவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றவர்கள், 1966இல் திறக்கப்பட்ட நகானோ பிராட்வே என்னும் அங்காடிக் கட்டடத்துக்கு ஒரு பிற்பகலை ஒதுக்க வேண்டும். பழைய சித்திரக்கதை நூல்களை விற்கத் தொடங்கிய மந்தராகே என்ற கடை, அக்கட்டடத்தின் பல மாடிகளில் சிறு சிறு அறைகளாகப் பரவி, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வகைப் பழம்பொருளை வைத்திருக்கிறது. ஜப்பானியக் கடைக்காரர்கள் பெரும்பாலும் குறையை மறைப்பதில்லை: ‘பிஹின்’ என்றால் அழகிய நிலையில் உள்ளது, ‘கிஸு அரி’ என்றால் கீறல் உள்ளது. முதுகின் ஓரத்தில் வெளுத்த புள்ளி ஒன்று இருந்தாலும் அதைச் சீட்டிலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். கீறல் உள்ள பெட்டிகளில் குவிந்திருக்கும் சாதாரணச் சீட்டுகள் மிகச் சொற்ப விலைக்கே கிடைக்கின்றன. நூறு பேர் கண்ணாடிப் பேழையில் மின்னும் லிஸார்டனை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் அந்தப் பெட்டியண்டை அமர்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டலாம். மூலை தேய்ந்த ஒன்று, யாரோ ஒரு குழந்தை பின்னால் பென்சிலால் தன் பெயரை எழுதிய ஒன்று, சுழி விழுந்த ஒன்று எனக் கையில் வரும். தரச்சான்று வழங்குவோர் பெயரெழுதிய சீட்டைக் கழித்துவிடுவார்கள். நான் கழிக்கமாட்டேன்.

ஆகவே, பழைய ஜப்பானியச் சீட்டொன்று உங்கள் கைக்கு வந்தால், அதன் விலையை விசாரிப்பதற்கு முன், ஓரங்களை மட்டும் பற்றி மெல்லத் திருப்பி, முதலில் அதன் முதுகைப் பாருங்கள்.